உலைக்குப் போகுமுன் பிடியுங்கள்: திருகோணமலையில் பழைய சாமான் தேடும் முறை

திருகோணமலையில் பழைய சாமானுக்கென்று விலைச்சீட்டு ஒட்டி, கண்ணாடி அலுமாரியில் அடுக்கி வைத்த கடையைத் தேடி அலைய வேண்டாம். இங்கே நல்ல சாமான் கிடப்பது பழைய இரும்புக் கடையில், பித்தளை மூட்டைக்குள், உடைந்த பைப் தலைகளுக்கும் பழுதான பூட்டுகளுக்கும் நடுவில். வீட்டுக்காரர் போத்தல்காரரிடம் போடுகிறார். போத்தல்காரர் இரும்புக் கடையில் நிறுத்துக் கொடுக்கிறார். கடைக்காரர் இரும்பு, தகரம், அலுமினியம், பித்தளை, செம்பு, பற்றரி என்று பிரித்து மூட்டை கட்டுகிறார். பிறகு லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதோடு அம்மம்மா காலத்து மூக்குப்பேணியின் கதை உலையில் முடிந்துவிடும். மூட்டைக்கும் லொறிக்கும் இடையிலான சில நாட்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம்.

அதனால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை பற்றியதல்ல. "அண்ணை, லொறி எப்ப ஏத்தும்?" என்று கேளுங்கள். ஏற்றுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் மூட்டை நிறைந்திருக்கும், கடைக்காரரும் ஓய்வாக இருப்பார். ஏற்றுகிற நாளில் போனால் உங்களோடு பேச அவருக்கு நேரம் இராது. சாதாரண நாளென்றால் பின்னேரம் மூன்றரை, நாலு மணி நல்லது. காலையில் ஊர் சுற்றப் போன போத்தல்காரர்கள் திரும்பி வந்து தராசில் கொட்டும் நேரம் அது. பிரிக்காத குவியலை அப்போதுதான் பார்க்கலாம். முஸ்லிம் கடைகள் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் பூட்டியிருக்கும். போயா நாளில் திறப்பார்களா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கடையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, உங்கள் ஒழுங்கைக்கு வரும் போத்தல்காரரை மறித்து "எங்க நிறுக்கிறனீங்கள்?" என்று கேட்பதுதான். பெரும்பாலான கடைகளுக்குப் பெயர்ப்பலகை இல்லை. தகரக் கொட்டில், வாசலில் மேடைத் தராசு, பின்னால் பற்றரி அடுக்கு: இவைதான் அடையாளம். இந்தத் தொழிலுக்கு இடம் நிறைய வேண்டும் என்பதால் கடைவீதிக்குள் தேடுவதைவிட, கண்டி வீதி, நிலாவெளி வீதி என்று ஊர் விளிம்பை நோக்கிப் போகும் பாதைகளில் தேடுங்கள். கிண்ணியா, மூதூர் போகிறவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம். தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் முன் வீடு துப்புரவாக்கும் வாரங்களில் சாமான் கூடுதலாக வெளியே வரும்.

இந்த ஊருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே தளம் வைத்திருந்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் அந்தத் துறைமுகத்துக்காகத்தான். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் பிரித்தானியர் கட்டியவையே. அவ்வளவு பெரிய தளம் கலையும்போது கரண்டி, கோப்பை, பூட்டு, ஸ்பானர், விளக்கு என்று சில்லறைச் சாமான்கள் ஊருக்குள் வருவது இயல்பு. அடையாளம் சொல்கிறோம்: மூன்று கோடுகள் ஒரு முனையில் சந்திக்கும் அம்புக்குறி. பறவைக் கால்தடம் என்றே தோன்றும். பிரித்தானிய அரசுச் சொத்து என்பதற்கான முத்திரை அது. சில சாமான்களில் பக்கத்திலேயே ஆண்டும் இருக்கும். துருப்பிடித்த ஸ்பானரின் பிடியிலும், பித்தளைப் பூட்டின் முகத்திலும், கரண்டிக் காம்பின் பின்புறத்திலும் தேடுங்கள். நகத்தால் அழுக்கைச் சுரண்டினால் போதும், கம்பித் தும்பு போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரை மழுங்கினால் அது வெறும் ஸ்பானர்தான்.

பையில் என்ன இருக்க வேண்டும்

காந்தம் ஒன்று (பழுதான ஸ்பீக்கரில் கழற்றியது போதும்), சிறிய டோர்ச், கொளுக்கி வைத்த டிஜிட்டல் கைத்தராசு, அளவுநாடா, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், பாதி தேசிக்காய், பழைய துணி, பேப்பர், தடித்த கையுறை. சில்லறைத் தாள்களாகப் பணம். குவியலுக்குள் கை விடுவதென்றால் ஏற்புத் தடுப்பூசி பிந்தாமல் போட்டிருக்க வேண்டும். துருப்பிடித்த தகரம் கிழித்தால் பிறகு ஆஸ்பத்திரி வரிசையில்தான் நிற்பீர்கள்.

பித்தளையைக் கையில் எடுத்தால்

முதலில் காந்தம். ஒட்டினால் இரும்புக்கு மேல் பித்தளைப் பூச்சு. கீழே வையுங்கள். ஆனால் கைபிடிக்குள் இரும்புக் கம்பி, விளிம்புக்குள் சுருட்டிய கம்பி இருக்கலாம். ஆகவே உடலில், அடியில், விளிம்பில் என்று மூன்று இடத்திலாவது வைத்துப் பாருங்கள்.

காந்தம் ஒட்டாவிட்டாலும் பித்தளைதான் என்று முடிவு கட்டக் கூடாது. நாகக் (துத்தநாகக்) கலவை வார்ப்புக்கு மஞ்சள் பூசி விற்பதுண்டு. அதற்கு நிறையும் நீரும் பதில் சொல்லும். பித்தளை ஒரு மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 8.5 கிராம். நாகக் கலவை 7 கிராமுக்குக் கீழே நிற்கும். 850 கிராம் பாரமுள்ள விளக்கை முட்ட நிரப்பிய வாளிக்குள் இறக்கினால் வழியும் தண்ணீர் 100 மில்லிலீற்றர் அளவில் இருக்க வேண்டும். 125 வழிந்தால் அது வேறு சாமான். உள்ளே காற்று அடைபடாமல் இறக்குங்கள், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். கடையில் இதைச் செய்ய முடியாது என்றால் தட்டிப் பாருங்கள். வெண்கலம் நீண்டு ஒலிக்கும், பித்தளை சற்றுக் குறைவாக. "டொக்" என்று செத்த சத்தம் வந்தால் வெடிப்பு இருக்கிறது அல்லது ஈயத்தால் ஒட்டு வைத்திருக்கிறார்கள்.

அடுத்து தேய்மானம். மூக்குப்பேணியை எடுத்துக்கொள்வோம். அண்ணாந்து குடிப்பதற்காக ஒரு பக்கம் மூக்கு வைத்த ஏனம். மூக்கும் உடலும் சேரும் இடத்தை டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடாக ஒட்டு ஓடினால் அது பழைய பற்றாசு, அதாவது பித்தளை ஒட்டு. சாம்பல் நிறத்தில் குமிழாக நின்றால் பிற்காலத்து ஈய ஒட்டு. வெள்ளைப் பேப்பரால் அந்த இடத்தை உரசுங்கள், பென்சில் கீறியது போல் கறுப்பு விழுந்தால் காரீயம். அந்தப் பேணியில் குடிக்க வேண்டாம், தட்டில் வைத்து அழகு பார்க்கலாம். பிறகு வெளிப்புறம்: எழுபது எண்பது வருடம் கையில் புழங்கிய பேணிக்குப் பிடிக்கும் இடம் வழுவழுத்திருக்கும், அடி விளிம்பு ஒரு பக்கம் கூடத் தேய்ந்திருக்கும், மேடுகள் மினுங்கும், பள்ளங்களில் கறுப்பு நிற்கும். மேடும் பள்ளமும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் மருந்து போட்டுப் பழசாக்கியது. தேசிக்காயை ஒரு சொட்டு அடியில் பிழிந்து ஒரு நிமிடம் விடுங்கள். வெறும் பித்தளையில் வெளிறிய பொட்டு விழும். எதுவுமே மாறாவிட்டால் மேலே வார்னிஷ் இருக்கிறது.

புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் இருக்கின்றனவா என்று கழுத்திலும் அடியிலும் தேடுங்கள். சீதனமாக வந்த பாத்திரங்களில் பெயரின் முதலெழுத்துகளைக் குத்தி வைப்பார்கள். பலர் இதைக் குறை என்று நினைத்து விலை குறைக்கக் கேட்கிறார்கள். எங்கள் கணக்கில் அது அந்த ஏனத்தின் பிறப்புச் சான்றிதழ்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கப் பேப்பரை விரித்து, தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் தெரிந்துவிடும்.

விலை பேசும் கணக்கு

கடைக்காரருக்கு அது பொருளல்ல, கிலோ. இதை மறந்து "எவ்வளவு பழசு!" என்று வாய் பிளந்தால் அடுத்த நிமிடமே அது புராதனச் சாமான் ஆகிவிடும். "நானா, இண்டைக்குப் பித்தளை கிலோ என்ன விலை போகுது?" என்று பொதுவாகக் கேளுங்கள். அவர் லொறிக்காரருக்கு விற்கும் விலை உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு மேலே 20 முதல் 30 வீதம் வைத்துக் கேட்டால் அவருக்கும் லாபம், உங்களுக்கும் நட்டமில்லை. உதாரணத்துக்குக் கிலோ 1,000 ரூபா என்று வைத்தால், 600 கிராம் பேணிக்கு 600 ரூபா. நீங்கள் 720 முதல் 780 வரை போகலாம். சின்னச் சாமானுக்கு இந்தக் கணக்கு சரிவராது. 40 கிராம் பாக்குவெட்டிக்கு யாரும் கிலோ கணக்கில் தர மாட்டார்கள், அதைப் பெரிய சாமானோடு சேர்த்துக் கேளுங்கள். தனித்தனியாக விலை கேட்காமல் ஐந்தாறை ஒரு பக்கம் ஒதுக்கி, "எல்லாத்தையும் ஒண்டா நிறுங்கோ" என்பது நல்ல முறை. பாரத்தை உங்கள் கைத்தராசிலும் ஒருமுறை பாருங்கள், ஆனால் அவர் முகத்துக்கு முன்னால் சவால் விடுவது போல் வேண்டாம்.

முதல் நாளே மூட்டையைக் கவிழ்க்கச் சொல்லாதீர்கள். அவிழ்த்த மூட்டையை நீங்களே திரும்பக் கட்டிக் கொடுத்தால் அடுத்த முறை அவரே ஒதுக்கி வைப்பார். கைபேசி எண்ணைக் கொடுத்து, என்ன வேண்டும் என்று மூன்றே பெயர் சொல்லுங்கள்: மூக்குப்பேணி, பெற்றோமக்ஸ், அம்பு முத்திரை. பட்டியல் நீண்டால் மறந்துவிடுவார்.

கப்பல் சாமான் என்று சொல்லி விற்பது

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டவர் வரும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் திசைகாட்டி, தொலைநோக்கி, செக்ஸ்டன்ட் (கடலில் சூரியனின் உயரத்தை அளக்கும் கருவி) என்று பளபளக்கும் பித்தளையைக் கண்டால் நிதானியுங்கள். அலங்காரத்துக்கென்றே இவற்றை இந்தியாவில் பெருமளவில் செய்கிறார்கள். ஆங்கிலேயக் கம்பனிப் பெயரும் பழைய ஆண்டும் பொறித்தே வரும். திருகாணியைப் பாருங்கள். கூட்டல் குறி போட்ட ஆணி 1930களுக்குப் பிறகுதான் பரவியது. 1885 என்று எழுதிய கருவியில் அது இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். லென்ஸை வைத்து அளவுக் கோடுகளைப் பாருங்கள். உண்மையான கருவியில் கோடுகள் மயிரிழை போல் ஒரே இடைவெளியில் வெட்டப்பட்டிருக்கும். போலியில் ஆழமில்லாமல், தடித்து, எண்களில் ஒட்டிக்கொண்டு நிற்கும். செக்ஸ்டன்டின் கை கடைசி வரை தடங்கலில்லாமல் நகர வேண்டும். அழகுக்காக வேண்டுமென்றால் அழகுச் சாமான் விலைக்கு வாங்குங்கள், அதில் தப்பேதும் இல்லை.

விளக்கு, தையல் மெஷின், போத்தல், காசு

பெற்றோமக்ஸில் விலையைத் தீர்மானிப்பது தாங்கி. அடி வெளியே உப்பியிருந்தால், ஒட்டு வைத்திருந்தால் எரிக்க வேண்டாம். உள்ளே எண்ணெய் இல்லாமல் வெறும் காற்றை அடித்து, சவர்க்கார நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழ் வரும் இடம் கசியும் இடம். பம்ப் காற்றுப் பிடிக்காவிட்டால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் தோல் வாசர் காய்ந்திருக்கும். கழற்றித் தேங்காய் எண்ணெயில் ஒரு இரவு ஊற வைத்து, விளிம்பை விரலால் விரித்துப் போட்டால் வேலை செய்யும். பழைய மென்டில் (விளக்கில் ஒளிரும் வலை) பக்கற்றுடன் வந்தால் தூளை ஊதாதீர்கள். பழைய மென்டில்களில் தோரியம் கலந்திருக்கும், அது கதிரியக்கமுள்ளது.

சிங்கர் மெஷின் இலங்கைக்கு 1877 இலேயே வந்துவிட்டது, அதனால் பழசு என்பதற்காக மட்டும் அது அரிதாகாது. அடித்தட்டில் இருக்கும் இலக்கத்தைப் பாருங்கள்: எழுத்தில்லாமல் எண் மட்டும் இருந்தால் 1900க்கு முந்தியது, முன்னால் எழுத்து இருந்தால் பிந்தியது. சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இறுகியிருந்தால் உடனே கைவிடாமல், மெஷின் எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். காய்ந்த எண்ணெய்தான் பல தடவைகளில் காரணம். பொபின் கேஸ் (அடிநூல் கட்டையின் கூடு) இல்லாவிட்டால் மட்டும் யோசியுங்கள். மிகப் பழைய வகைகளில் அதற்குப் பதில் படகு வடிவ நாடாக்கட்டை வரும், அது லேசில் கிடைக்காது.

போத்தலில் அச்சுக் கோட்டைப் பின்தொடருங்கள். இரு பக்கமும் மேலேறும் அந்தக் கோடு வாய் விளிம்பு வரை போனால் முழு இயந்திரத்தில் செய்தது, அதாவது 1903க்கு முந்தியதாக இருக்க முடியாது. கழுத்திலேயே நின்றுவிட்டால் வாயைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அது பழசு. கோலிச் சோடாப் போத்தலில் கோலி சுழல வேண்டும், கழுத்துக்குள் ரப்பர் வளையத்துக்கான பள்ளம் உடையாதிருக்க வேண்டும். உள்ளே வெள்ளைப் படலம் இருந்தால் வினாகிரி ஊற்றி ஓர் இரவு வையுங்கள். போனால் உப்புப் படிவு, போகாவிட்டால் கண்ணாடியே அரித்திருக்கிறது. எதைக் கொண்டும் அதை மீட்க முடியாது.

பித்தளை மூட்டையின் அடியில் காசும் கிடக்கும். 1870 என்று போட்ட, தென்னைபோல் மரம் பொறித்த செப்புச் சதங்கள், 1944 இலிருந்து வந்த நெளிவெட்டு விளிம்புள்ள இரண்டு சதங்கள் போன்றவை. காசைக் கழுவவே வேண்டாம். புளி போட்டு மினுக்கிய காசை எந்தச் சேகரிப்பாளரும் திரும்பிப் பார்க்க மாட்டார். பெரிய வீ எழுத்தின் இரு கைகளிலும் ஓ, சீ தொங்கும் முத்திரை தெரிந்தால் அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புக் காசு. அதற்கான சட்டத்தைக் கீழே சொல்கிறோம்.

இனாமல் கோப்பையை வெயிலுக்கு எதிராகப் பிடியுங்கள், ஊசித்துளை தெரியும். சிவப்பு, செம்மஞ்சள் பூச்சுள்ள பழைய கோப்பைகளில் சாப்பிட வேண்டாம், பூச்செடி வைக்கலாம். கதிரை, அலுமாரி வாங்குகிறவர்கள் லாச்சியை முழுதாக வெளியே இழுத்து, பின்பலகையையும் அடியையும் பாருங்கள். முகம் முதிரையும் பின்னால் ஒட்டுப்பலகையுமாக வருவது சாதாரணம். கால்களைத் தட்டுங்கள், பொள்ளென்றால் உள்ளே கறையான். பட்டா லொறிக் கூலியையும் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

தொடக் கூடாதவை

ஷெல், துப்பாக்கி ரவை, உருளை வடிவ இரும்பு, வால் வைத்த எதுவும். "வெறும் கோதுதான்" என்று கடைக்காரர் சொன்னாலும் கை வைக்க வேண்டாம். விலகி வந்து 119க்கு அறிவியுங்கள். போர் நடந்த மண் இது.

"உபயம்" என்று பொறித்த விளக்கு, மணி, தாம்பாளம் எதையும் வாங்காதீர்கள். கோயில் சாமான் நேர்வழியில் இரும்புக் கடைக்கு வருவது அபூர்வம். மலிவாக வாங்கிய மணிக்காகப் பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்க நேரலாம்.

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்தியவற்றைத் தொல்பொருளாகக் கொள்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அந்த ஒல்லாந்தக் காசு இந்த எல்லைக்குள் வரும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த சொந்தக்காரரின் பெட்டிக்குள் அன்பளிப்பாக வைத்துவிடாதீர்கள். மண்ணுக்குள் இருந்து தோண்டியெடுத்தது அரசுக்குரியது, விற்கவும் வாங்கவும் கூடாது. மினுங்கும் புதுச் சாமானைவிட, ஈர மண் ஒட்டிய பழைய சாமானைக் கண்டுதான் கூடுதலாகப் பயப்பட வேண்டும்.

கழுவுவதும் காப்பதும்

பித்தளைக்குப் பழப்புளியும் உப்பும் போதும். தேசிக்காய் அளவு புளியை அரைக் கோப்பை வெந்நீரில் கரைத்து, ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்துத் தும்பால் தேய்த்து, ஐந்து நிமிடத்தில் கழுவுங்கள். ஊற விட்டால் நாகம் கரைந்து மேற்பரப்பு இளஞ்சிவப்பாகத் திட்டுப் பிடிக்கும். அது லேசில் போகாது. கழுவிய பின் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து அலசுங்கள். புளிப்பு எஞ்சினால் அடுத்த வாரமே பச்சை பிடிக்கும். உடனே துடைத்து வெயிலில் காய வையுங்கள். சமைக்கப் பாவிப்பதென்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். பூச்சுப் போன பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் செம்பு கறியோடு வயிற்றுக்குள் போகும்.

இரும்புக்கு மின்சார முறை நல்லது. பிளாஸ்ரிக் வாளியில் லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வோஷிங் சோடா. 12 வோல்ட் பற்றரி சார்ஜரின் கறுப்பு வயரைத் துருப்பிடித்த சாமானிலும், சிவப்பை ஒரு கழிவு இரும்புத் துண்டிலும் கொளுவுங்கள். இரண்டும் தொடக் கூடாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், திறந்த வெளியில் வையுங்கள், ஐதரசன் வாயு வரும். கழிவுத் துண்டாக எவர்சில்வர் போடாதீர்கள், குரோமியம் கரைந்து தண்ணீர் நஞ்சாகும். தானாக நின்றுகொள்ளும் புதுவகைச் சார்ஜர்கள் இதற்கு வேலை செய்யா. பழைய வகை வேண்டும். கடலுக்குள் இருந்து எடுத்த இரும்பை இப்படிக் கழுவிக் காய வைத்தாலும் உள்ளே ஊறிய உப்பு அதைச் செதில் செதிலாக உரிக்கும். வாங்காமல் விடுவதே புத்தி.

இந்த ஊரில் உப்புக்காற்று நிற்பதில்லை. துடைத்த பித்தளைக்கு வெள்ளை மெழுகை மெல்லிதாகப் பூசி, துணியால் தேய்த்து விடுங்கள். கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் வீடென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மாரி மாதங்களில் மாதம் ஒருமுறை. பித்தளையில் வெளிர்பச்சைத் தூள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பூத்தால் அது வெறும் அழுக்கல்ல, உலோகத்தை உள்ளே இருந்து தின்னும் உப்பு. அதைத் தனியே எடுத்து வையுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப் போட்டு, ஒவ்வொரு நாளும் தண்ணீரை மாற்றுங்கள். மூன்று வாரம் கழித்துக் காய வைத்து, தூள் மீண்டும் பூக்கவில்லை என்று கண்ட பிறகே மெழுகு பூசுங்கள்.